எண்ட் கிரெடிட்ஸ் பாடல்: தமிழில் என்ன பெயர்?

கதை முடிந்து திரை கறுத்த பிறகு, படத்தில் உழைத்தவர்களின் பெயர்கள் கீழிருந்து மேலே ஓடும். அப்போது ஒலிக்கும் பாடல்தான் எண்ட் கிரெடிட்ஸ் பாடல். நம் சினிமாக்காரர்கள் அந்தப் பகுதியை ‘ரோலிங் டைட்டில்’ என்பார்கள். மாயாஜாலப் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்தப் பாடலைப் பற்றிய வழக்கும் கூடவே வந்துவிடும். மூன்று மணி நேரம் வாளும் டிராகனும் யாரும் கேட்டிராத மொழிகளுமாக ஓர் உலகத்தைக் கட்டி எழுப்பிவிட்டு, கடைசியில் வானொலியில் வருகிற மாதிரி ஒரு பாப் பாட்டைப் போடலாமா? இந்த வழக்கில் பாதி, இரண்டு வேறு வகைப் பாடல்களுக்கு ஒரே பெயரை வைத்திருப்பதால் வருவது. அதனால் முதலில் சொல்லைப் பார்ப்போம்.

கிரெடிட் என்பதன் வேர் லத்தீன் மொழியின் ‘கிரேதெரே’. நம்புதல் என்று பொருள். நம்பி ஒருவரிடம் ஒப்படைத்த பொருள் ‘கிரேதிதும்’. அதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், கடன், நம்பகம், நற்பெயர் என்று பொருள் கிளைத்தது. ‘இது இன்னார் செய்த வேலை’ என்று ஒப்புக்கொண்டு பெயரைச் சொல்வதும் அந்தக் கிளைகளில் ஒன்று. கடன் அட்டையும் படத்தின் பெயர்ப் பட்டியலும் ஒரே சொல்லில் வந்து நிற்பது இதனால்தான். கிறிஸ்தவர்கள் சொல்லும் விசுவாசப் பிரமாணத்துக்கு லத்தீனில் ‘கிரேதோ’ என்று பெயர். அதுவும் இதே வேர்தான். இன்னும் பின்னால் போனால், சமஸ்கிருதத்தின் ‘சிரத்தா’வும் இந்த லத்தீன் சொல்லும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று மொழியியலாளர்கள் காட்டுகிறார்கள். அந்தச் சிரத்தா தமிழுக்கு வந்து சிரத்தை ஆனது. சிரத்தையாக வேலை செய்தவர்களின் பெயரைச் சொல்லும் இடத்துக்கு இந்த உறவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பெயர்கள் எப்போதும் கடைசியில் வந்தவை அல்ல. பழைய ஹாலிவுட் படங்களில் முக்கியமானவர்களின் பெயர்கள் தொடக்கத்திலேயே வந்துவிடும். முடிவில் ‘தி எண்ட்’ அட்டையும், சில சமயம் ஒரு நடிகர் பட்டியலும் மட்டும் இருக்கும். நம் படங்களில் ‘சுபம்’ வந்ததும் எழுந்து போன காலம் அது. 1956இல் வந்த ‘அரவுண்ட் தி வேர்ல்ட் இன் 80 டேஸ்’ படத்துக்கு வரைகலை வடிவமைப்பாளர் சால் பாஸ் முடிவுப் பெயர்களை ஓவிய அசைவுப் படமாகவே செய்து கொடுத்தார். 1977இல் ஜார்ஜ் லூகாஸ் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தை இயக்குநர் பெயர்கூட இல்லாமல் தொடங்கினார். 1980இல் வந்த அடுத்த பாகத்தில் இயக்குநர் பெயரை முன்னால் போடவில்லை என்று இயக்குநர்கள் சங்கம் அபராதம் போட, லூகாஸ் அதைக் கட்டிவிட்டுச் சங்கத்தை விட்டே விலகினார். அப்புறம் கணினிக் காட்சிகள் பெருகின, ஒரு படத்துக்கு உழைப்பவர்கள் பெருகினார்கள், பட்டியல் பல நிமிடங்களுக்கு நீண்டது. அந்த நேரத்தை நிரப்ப இசை வேண்டும். பிரபலமான குரல் ஒன்று பாடினால் வானொலியில் படத்துக்கு விளம்பரமும் ஆயிற்று. ஆஸ்கர் விதியும் இதற்கு வழிவிடுகிறது. ஒரு பாடல் படத்துக்குள் வந்திருக்க வேண்டும், அல்லது முடிவுப் பெயர்கள் ஓடும்போது வரும் முதல் இசையாக இருக்க வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது?

பெயர் போடும் பழக்கம் தமிழுக்குப் புதிதில்லை. பரிபாடலின் ஐந்தாம் பாடலுக்கு அடியில் உள்ள குறிப்பு இப்படிச் சொல்கிறது: கடுவன் இளவெயினனார் பாட்டு, கண்ணனாகனார் இசை, பண் பாலையாழ். எழுதியவர் யார், இசை வகுத்தவர் யார், எந்தப் பண் என்று மூன்றையும் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். பாடலை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் தனித்தனியாகப் பெயர் போட வேண்டும் என்ற நியாயம் அந்தச் சுவடியிலேயே இருக்கிறது. ஆகவே கிரெடிட்ஸ் என்பதற்கு ‘பெயர்வரிசை’ என்றோ ‘பெயர்ப் பட்டியல்’ என்றோ தயங்காமல் எழுதலாம். ‘நன்றிப் பட்டியல்’ பொருந்தாது. நன்றி உதவியவர்களுக்குச் சொல்வது. ஒளிப்பதிவாளர் உதவி செய்தவர் இல்லையே, படத்தைச் செய்தவர்.

பாடலுக்கு வருவோம். ‘இறுதிப் பாடல்’ என்று சிலர் எழுதுகிறார்கள். இலக்கணத்தில் குறை இல்லை, ஆனால் காதில் இறுதி ஊர்வலமும் இறுதிச் சடங்கும் சேர்ந்தே கேட்கின்றன. ‘மங்களம்’ அருகில் வருகிறது. கச்சேரி முடிந்ததும் தனியாகப் பாடுவதுதானே அது. வில்லுப்பாட்டில் கதை சொல்லி முடித்ததும் ‘வாழி’ பாடுவார்கள், அதுவும் அருகில் வருகிறது. ஆனால் இரண்டும் வாழ்த்து. எந்தக் கச்சேரிக்கும் அதே மங்களத்தைப் பாடலாம், வாழியும் ஊருக்கும் கேட்டவர்களுக்கும் நலம் சொல்வது. படத்தின் முடிவில் வரும் பாடலுக்கு வேறு வேலை இருக்கிறது, குறிப்பாக மாயாஜாலப் படத்தில். பார்த்தவரை அந்த உலகத்திலிருந்து பத்திரமாக வெளியே கொண்டுவர வேண்டும். அதற்கு நான் சொல்வது ‘நிறைவுப் பாடல்’. நிறைவு என்றால் முடிவு, நிரம்புதல், மனம் நிறைதல். மூன்றும் அந்தப் பாடலிடம் நாம் எதிர்பார்ப்பவை.

பாப் என்பதற்குப் பரப்பிசை, துள்ளிசை என்றெல்லாம் எழுதிப் பார்த்திருக்கிறார்கள். பாப் என்றே வைத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஃபேண்டஸிக்கு மிகுபுனைவு என்ற சொல் இலக்கியப் பேச்சில் நிலைத்துவருகிறது. படத்துக்கு மாயாஜாலப் படம் என்பதே எல்லோருக்கும் புரியும்.

இனி வழக்கின் மையம். பாப் பாடல் மாயாஜாலப் படத்துக்குப் பொருந்துமா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. கதை எந்த உலகத்தில் முடிகிறது என்று கேட்க வேண்டும்.

பல மாயாஜாலக் கதைகளில் நம் உலகத்துக்கும் அந்த உலகத்துக்கும் நடுவே ஒரு வாசல் உண்டு. நார்னியா என்ற மாய உலகத்தைப் பற்றிய பட வரிசையில் 2008இல் வந்த ‘பிரின்ஸ் கேஸ்பியன்’ படத்தில் குழந்தைகள் நார்னியாவை விட்டு லண்டன் ரயில் நிலையத்துக்குத் திரும்புகிறார்கள். ரெஜினா ஸ்பெக்டர் பாடிய ‘தி கால்’ விடைபெறும் காட்சியிலேயே தொடங்கிவிடுகிறது. டார்ச்சை நார்னியாவில் விட்டுவந்துவிட்டேனே என்று தம்பி எட்மண்ட் சொல்கிற அந்த நிலையம் நம் உலகம். அங்கே நம் காலத்துக் குரல் ஒலிப்பதில் ஒரு நெருடலும் இல்லை. கதாபாத்திரங்களோடு நாமும் திரும்பி வருகிறோம், அவ்வளவுதான்.

1984இல் வந்த ‘தி நெவர் எண்டிங் ஸ்டோரி’ இன்னும் சுவையான வழக்கு. ஜெர்மானிய இயக்குநர் வோல்ஃப்காங் பீட்டர்சன் எடுத்த இந்தப் படத்துக்கு கிளாஸ் டோல்டிங்கர் இசையமைத்தார். உலகச் சந்தைக்கான வடிவத்தில் ஜியார்ஜியோ மொரோடரின் சிந்தசைசர் இசையும், அவர் அமைத்து லிமால் பாடிய பாப் பாடலும் சேர்ந்தன. ஜெர்மன் வடிவத்தில் அந்தப் பாடல் கிடையாது. ஒரே படம், ஒரு பக்கம் பாடலோடு, மறுபக்கம் பாடல் இல்லாமல். பாடலில் எண்பதுகளின் வாசனை முழுக்க அடிக்கிறது, அதனால் அது படத்தைக் காலத்தோடு கட்டிப்போட்டுவிட்டது என்று குறை சொல்பவர்கள் உண்டு. நான் பாடலின் பக்கம். அந்தக் கதையே பள்ளிக்கூடத்துப் பரணில் ஒளிந்து புத்தகம் படிக்கும் ஒரு சிறுவனைப் பற்றியது. அவன் அந்தக் காலத்துப் பையன், அவன் காதில் அந்தக் காலத்துப் பாட்டு ஒலித்தால் என்ன? அதைவிட முக்கியமாக, அந்தப் பாடல் மெல்ல மெல்ல ஒலி கூடித் தொடங்கி, மெல்ல மெல்லத் தேய்ந்து மறைகிறது. இங்கே தொடங்கியது, இங்கே முடிந்தது என்று கோடு போட முடியாது. முடிவில்லாத கதைக்கு முடிவில்லாத பாட்டு. யோசித்துச் செய்த வேலை அது.

வாசலே இல்லாத கதைகளில்தான் சிக்கல். ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் படைத்த மத்திய பூமி என்ற கற்பனை உலகத்தில் லண்டன் ரயில் நிலையம் கிடையாது, திரும்பி வருவதற்கு நம் உலகம் என்ற ஒன்றே கதைக்குள் இல்லை. இயக்குநர் பீட்டர் ஜாக்சன் அந்தக் கதைகளை ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ மூன்று, ‘ஹாபிட்’ மூன்று என ஆறு படங்களாக எடுத்தார். ஆறின் முடிவிலும் பாடல் உண்டு, பாடியவர்களில் பலர் பாப் உலகத்துக்காரர்கள். 2001இல் வந்த முதல் படத்தில் என்யா பாடினார், அந்தப் பாடலில் டோல்கீன் உருவாக்கிய க்வென்யா மொழித் தொடர்களும் உண்டு. 2003இல் வந்த மூன்றாம் படத்தின் ‘இன்டு தி வெஸ்ட்’ பாடலைப் பாடியவர் ஆனி லெனாக்ஸ், எண்பதுகளில் யுரித்மிக்ஸ் குழுவில் பாடி உலகப் புகழ் பெற்றவர். பெயரை மட்டும் கேட்டால் பொருந்தாது என்றே யாரும் சொல்வார்கள். ஆனால் அதை எழுதியது யார் என்று பெயர்வரிசையைப் பாருங்கள்: லெனாக்ஸ், படத்தின் இசையமைப்பாளர் ஹோவர்ட் ஷோர், திரைக்கதை எழுதியவர்களில் ஒருவரான ஃபிரான் வால்ஷ். கோட்டைக் கதவை எதிரிகள் இடிக்கும் நேரத்தில், சாவு முடிவில்லை என்று மந்திரவாதி கேண்டால்ஃப் சின்னப் பிப்பினுக்குச் சொல்கிறாரே, அந்த வசனத்தில் எல்லாம் வெள்ளிக் கண்ணாடியாக மாறும் என்று ஒரு படிமம் வரும். அதே படிமம் இந்தப் பாடலிலும் வருகிறது. 2003இல் புற்றுநோயால் மிக இளம் வயதில் இறந்த நியூசிலாந்துக் குறும்பட இயக்குநர் கேமரன் டங்கனின் நினைவும் இதன் பிறப்பில் கலந்திருக்கிறது.

படத்தின் கடைசிக் காட்சியில் நாயகன் ஃப்ரோடோ மேற்கு நோக்கிக் கப்பல் ஏறிப் போய்விட்டான். அவன் தோழன் சாம் வீடு திரும்புகிறான், கதவு மூடுகிறது. கேமரா சாமோடு தங்கிவிட்டது, கப்பலோடு போக அதற்கு வழியில்லை. பாடல் போகிறது. களைத்துப்போன ஒருவனைத் தூங்கவைக்கும் தாலாட்டாகத் தொடங்கி மேற்குக் கரை வரை கூட்டிச் செல்கிறது. திரைக்கதையில் விடுபட்ட ஒரு காட்சியைப் பாடல் நிரப்புகிறது. ஆஸ்கரும் கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தாலும் என் கருத்து மாறாது.

2013இல் வந்த இரண்டாம் ‘ஹாபிட்’ படத்துக்கு எட் ஷீரன் பாடினார். கிட்டார் பிடித்த இளம் பாப் பாடகர் என்பதால் எதிர்ப்பும் எழுந்தது. டிராகன் ஏரி ஊரை எரிக்கப் பறந்து செல்கிறது, என்ன காரியம் செய்துவிட்டோம் என்று நாயகன் பில்போ கலங்குகிறான், திரை கறுக்கிறது. உடனே வாத்தியமே இல்லாமல் ஒரு தனிக்குரல், நெருப்பைப் பார்க்கிறேன் என்று பாடப்போகும் பாட்டின் தொடக்கம். திரை காட்டாமல் நிறுத்திய நெருப்பைக் காது பார்க்கிறது. 2014இல் வந்த கடைசிப் படத்துக்குப் பாடியவர் பில்லி பாய்ட். முதல் மூன்று படங்களில் பிப்பினாக நடித்து, அரசுப் பிரதிநிதி டெனத்தோரின் முன்னால் தானே மெட்டமைத்த பாட்டைப் பாடியவர் அவர்தான். ஆறு படங்களுக்கும் சேர்த்து விடைசொல்ல அவரைவிடப் பொருத்தமான குரல் கிடைத்திருக்காது.

இவற்றின் பக்கத்தில் 2006இல் வந்த ‘எராகன்’ படத்தை வைத்துப் பார்க்கலாம். அதுவும் டிராகன் கதைதான், வாசல் இல்லாத உலகம்தான். முடிவில் அவ்ரில் லவீன் பாடிய ‘கீப் ஹோல்டிங் ஆன்’. பாடல் மோசமில்லை. ஆனால் விட்டுவிடாதே, துணைக்கு நான் இருக்கிறேன் என்று சொல்லும் அந்தப் பாட்டை விளையாட்டுப் படத்துக்குப் போடலாம், கல்லூரிக் கதைக்குப் போடலாம், எதற்கும் போடலாம். எராகனின் உலகத்திலிருந்து ஒரு கூழாங்கல்கூட அதில் இல்லை. இதைக் கேட்டு எரிச்சலடைந்தவர்கள்தான் பாப் பாடலே ஆகாது என்று தீர்ப்பெழுதுகிறார்கள். கோபம் நியாயமானது, ஆனால் பாப் மேல் போய் விழுகிறது. கதைக்குள்ளிருந்து முளைக்காத பாடலை முழு ஆர்க்கெஸ்ட்ராவோடு போட்டிருந்தாலும் அது ஒட்டியிருக்காது.

எனவே இரண்டு சொற்கள் தேவை என்று நினைக்கிறேன். கதையிலிருந்து பிறந்து, கதை விட்ட இடத்தை நிரப்பும் பாடல் நிறைவுப் பாடல். பெயர்கள் ஓடும் நேரத்தை நிரப்ப வைத்தது பெயர்வரிசைப் பாடல். பின்னது இழிவான பெயர் இல்லை, இடத்தைச் சொல்லும் பெயர், எண்ட் கிரெடிட்ஸ் பாடல் என்பதன் நேர்ப்பொருளும் அதுதான். ஒரே படத்தில் இரண்டும் வரலாம். 2005இல் வந்த முதல் நார்னியா படத்தின் முடிவில் அலானிஸ் மோரிசெட், இமோஜன் ஹீப், டிம் ஃபின் ஆகியோர் பாடிய வெவ்வேறு பாடல்கள் வரிசையாக வருகின்றன. எத்தனை வந்தாலும் பொதுவாகக் குறிப்பிடும்போது பெயர்வரிசைப் பாடல்கள் என்று எழுதிவிட்டு, அவற்றில் எது நிறைவுப் பாடல் என்பதை எழுதுபவர் தன் காதால் முடிவு செய்து தனியாகச் சொல்லலாம்.