ரெசல்யூஷன்: தெளிவுத்திறனா, பிரிதிறனா?

அச்சகங்களுக்கு வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்தித் தரும் என் மைத்துனர், பழைய 21.5 அங்குலக் கணினித்திரை கண்ணை வருத்துகிறது என்று சொல்லிச் சென்ற மாதம் 27 அங்குலத் திரை ஒன்றை வாங்கினார். பழைய திரையின் விவரக்குறிப்பிலும் புதியதன் விவரக்குறிப்பிலும் "தெளிவுத்திறன்: 1920 × 1080" என்றே இருந்ததால், தெளிவு குறையாமல் எழுத்து மட்டும் பெரிதாகும் என்பது அவர் கணக்கு. எழுத்து பெரிதாகத்தான் ஆனது. அதன் விளிம்புகளோ படிக்கட்டுப் போலத் தெரிந்தன, வெள்ளைப் பரப்பு சல்லடை வழியே பார்ப்பது போல இருந்தது. "அத்தான், தெளிவுத்திறன் ரெண்டுலயும் ஒண்ணுதானே, அப்புறம் தெளிவு மட்டும் எப்படிக் குறையும்?" என்றார். நியாயமான கேள்வி. அந்தச் சொல்லைப் படைத்தவர்கள்தாம் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

தெளிவுத்திறன் என்று தமிழாக்கப்படும் ரெசல்யூஷன் என்பதன் வேர், கட்டவிழ்த்தல், தளர்த்தல், கூறுகளாகப் பிரித்தல் ஆகிய பொருள்களைத் தரும் 'ரிசொல்வெரே' என்னும் லத்தீன வினை. ஐயத்தின் முடிச்சை அவிழ்ப்பது முடிவெடுப்பது என்றாகி, சபைகளில் நிறைவேற்றும் தீர்மானத்துக்கும் அதுவே பெயராயிற்று. ஒளியியலில் பழைய அடிப்பொருளே நின்றது: நெருங்கியிருக்கும் இரண்டு புள்ளிகளை இரண்டாகவே பிரித்துக் காட்டும் ஆற்றல் அது. எந்த அளவு நெருங்கினால் இரண்டு ஒளிப்புள்ளிகள் ஒன்றாகக் கலந்துவிடும் என்பதற்கு 1879இல் ஆங்கிலேய இயற்பியலர் ராலே பிரபு வகுத்த வரையறையை, தொலைநோக்கியையும் நுண்ணோக்கியையும் பற்றிப் படிக்கும் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். நம் இயற்பியல் பாடநூல்களில் அதற்குப் 'பிரிதிறன்' என்றும், 'பகுதிறன்' என்றும் பெயர். வேர்ச்சொல்லின் பொருளும் கருவியின் வேலையும் ஒருசேர அமைந்த ஆக்கங்கள் இவை.

விற்பனைத் தளங்களில் "அதிகபட்சத் தீர்மானம் 1920 × 1080" என்று வருவதைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. அது எந்திரம் செய்த மொழிபெயர்ப்பு. படிக்கிற யாரும் ஏமாறுவதில்லை, சிரித்துவிட்டுப் போகிறார்கள். தெளிவுத்திறன் அப்படியன்று. அது மனிதர்கள் யோசித்து ஆக்கிய சொல், நல்ல தமிழ்ச்சொல், காதுக்கும் இனியது. படிப்பவருக்குப் புரிந்துவிட்டது என்ற எண்ணத்தை அது உடனே தந்துவிடுவதால், தவறாகப் புரிந்திருக்கிறோம் என்பதைப் பணம் கட்டி முடித்த பிறகுதான் அவர் உணர்கிறார்.

தெளிதல் என்பது நமக்கு முதலில் நீரைப் பற்றிய சொல். கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டால் மண் அடியில் படிந்து நீர் தெளியும். அந்தக் கொட்டையின் பெயரே தெளியச் செய்தல் என்னும் பொருளுள்ள 'தேற்று' என்பதிலிருந்து வந்ததுதான். நீரின் தெளிவு என்பது பல காரணங்கள் கூடி நமக்குக் கிடைக்கும் விளைவு. கணினித்திரையிலும் அப்படித்தான்: புள்ளி எவ்வளவு சிறியது, கண் எவ்வளவு தொலைவில் இருக்கிறது, கறுப்புக்கும் வெள்ளைக்கும் வேறுபாடு எவ்வளவு, மேற்பூச்சு மங்கலானதா பளபளப்பானதா, சன்னல் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது, எழுத்துரு எப்படி வரையப்பட்டிருக்கிறது என்று இத்தனையும் சேர்ந்துதான் பார்ப்பவருக்குத் தெளிவாகின்றன. 1920 × 1080 என்பதோ வெறும் எண்ணிக்கை. கிடையாக 1920, நெடுக்காக 1080, ஆக மொத்தம் 20,73,600 படப்புள்ளிகள் அந்தத் திரையில் இருக்கின்றன என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்வதில்லை. விளைவின் பெயரை எடுத்துக் காரணங்களில் ஒன்றுக்குச் சூட்டினால், அந்த ஒன்றே விளைவு முழுவதையும் தந்துவிடும் என்றுதான் வாங்குபவர் நம்புவார்.

மைத்துனரின் திரைகளையே எடுத்துக்கொள்வோம். 21.5 அங்குலத் திரையில் ஓர் அங்குல நீளத்துக்கு ஏறத்தாழ 102 புள்ளிகள். அதே 1920 × 1080 புள்ளிகளை 27 அங்குலத்தில் பரப்பினால் 82 மட்டுமே. முன்னதில் ஒரு புள்ளியின் அகலம் சுமார் 0.25 மி.மீ., பின்னதில் 0.31. இயல்பான பார்வையுள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு இடைவெளியைப் பிரித்தறியும் என்பார்கள், 60 செ.மீ. தொலைவில் அது 0.17 மி.மீ.க்குச் சற்று மேல். ஆகவே 0.31 மி.மீ. புள்ளியின் விளிம்பை அந்தத் தொலைவிலிருந்து கண் எளிதாகக் கண்டுகொள்ளும். 27 அங்குலத்தில் 2560 × 1440 இருந்தால் புள்ளி 0.23 ஆகவும், 3840 × 2160 இருந்தால் 0.16 ஆகவும் சுருங்கும். இந்தக் கடைசி அளவில்தான் கண் தோற்கிறது. இங்கே பிரித்தறிவது யார், பிரிக்கப்படுவது எது என்று பேச வேண்டியிருக்கிறதே தவிர, தெளிவு என்ற சொல்லை நாடவே தேவையில்லை.

பிரிதிறன் என்றால் என்ன என்று தமிழருக்கு விளக்கத் தொலைநோக்கிகூட வேண்டாம், மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் போதும். ஏ4 பக்கம் ஒன்றை முழுதாகத் திரையில் நிறுத்தினால், 297 மி.மீ. உயரம் 1080 வரிசைகளுக்குள் அடங்க வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கு நான்கு வரிசைகூடக் கிடைக்காது. அந்த நெருக்கடியில் ணகரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், 'மணம்' எது 'மனம்' எது என்று மெய்ப்புத் திருத்துபவர் பக்கத்தைப் பெரிதாக்கித்தான் பார்க்க வேண்டும். திரையை 21.5இலிருந்து 27 அங்குலமாக மாற்றினாலும் வரிசைகள் அதே 1080தான் என்பதால், ஒட்டிய சுழிகள் ஒட்டியபடியே பெரிதாகும். சுழிகளைப் பிரித்துக் காட்ட முடிகிறதா இல்லையா என்பதே கேள்வி. அந்தத் திறனுக்குப் பிரிதிறன் என்பதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

பிரிதிறன் பாடநூல் வாடை அடிக்கிறது, தெளிவுத்திறன் பாமரருக்கும் புரிகிறது என்று வாதிடுவோர் உண்டு. பாமரருக்குப் புரிவது தெளிவு என்ற சொல். அவர் வாங்கப் போகும் பொருளைப் பற்றி அது அவருக்கு எதையும் சொல்லவில்லை. கடைக்காரர்கள் "ஃபுல் எச்டி", "டூ கே", "ஃபோர் கே" என்கிறார்கள். தூய தமிழில் பற்றுள்ளவன் நான் என்றாலும், பொருள் பிறழ்ந்த தமிழைவிட அந்தக் கடைப்பேச்சு மேல் என்றே சொல்வேன், ஏனெனில் அது தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. 'பிரித்திறன்' என்று ஒற்று மிகுத்து எழுதுவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பிரிதிறன் என்பது சுடுநீர், ஊறுகாய் போல வினைத்தொகை, வினைத்தொகையில் வல்லினம் மிகாது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்திலும் இந்தச் சொல் ஒழுங்காக ஆளப்படவில்லை. அச்சுத்துறையினர் ரெசல்யூஷன் 300 என்றால் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று அடர்த்தியைக் குறிக்கிறார்கள்; திரை விற்பவர்கள் அதே சொல்லால் மொத்த எண்ணிக்கையைக் குறிக்கிறார்கள். அந்தக் குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. 1920 × 1080 என்பதற்குப் 'புள்ளி எண்ணிக்கை' என்றும், அங்குலத்துக்கு இத்தனை என்பதற்குப் 'புள்ளியடர்த்தி' என்றும் எழுதலாம். நுண்மையைப் பிரித்துக் காட்டும் ஆற்றலைப் பேசும்போது மட்டும் பிரிதிறன் என்போம். விவரப் பட்டியலில் இந்த முதல் இரண்டும் அருகருகே இருந்திருந்தால் மைத்துனர் 82 என்ற எண்ணைப் பார்த்ததுமே விலகியிருப்பார்.

இப்படிப் பொருளைப் பார்த்துப் பெயரிடும் பொறுமை இன்றைய கணினி மொழிபெயர்ப்பாளர்களில் பலருக்கு இல்லை. திரையைக் கண்ணால் பார்க்காமல் சொற்பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். அதனால்தான் மானிட்டர் 'கண்காணிப்பான்' ஆகிறது, ஒளிக்காட்டும் பலகையான பேனல் 'குழு' ஆகிறது. திரை யாரையும் கண்காணிப்பதில்லை, நாம்தான் அதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மைத்துனர் அந்தத் திரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே 27 அங்குலத்தில் 2560 × 1440 புள்ளிகள் கொண்ட ஒன்றை வாங்கிவிட்டார். இப்போது எழுத்துகள் கூர்மையாக இருக்கின்றன, ஆனால் சிறியவையாகிவிட்டன என்று குறைப்பட்டார். புள்ளி எண்ணிக்கையை 1920 × 1080 என்று குறைத்துவிட வேண்டாம், ஒரு புள்ளியின் வேலையை ஒன்றும் மூன்றில் ஒரு பங்குமான புள்ளிகள் பங்கிட்டுக்கொண்டு எழுத்தெல்லாம் மசமசத்துவிடும், எழுத்தின் உருவை மட்டும் 125 விழுக்காடாகப் பெருக்கிக்கொள்ளுங்கள் என்றேன். அமைப்புகளில் அந்த இடத்தைத் தேடிப் பிடிக்க இருவருக்கும் கால் மணி நேரம் ஆயிற்று. எதையும் அளக்காத அந்த வசதிக்கு அங்கே 'அளவிடுதல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.