லகோட்டா நிலத்தின் நான்கெல்லை

கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவதைப் போலவே, 1868இல் ஃபோர்ட் லாராமியில் அமெரிக்க அரசும், வட அமெரிக்கப் பழங்குடிகளான லகோட்டா உள்ளிட்ட சூ மக்களும் செய்துகொண்ட உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவு ஒரு நிலப்பரப்பைச் சுற்றி வருகிறது. மிசூரி ஆற்றின் கிழக்குக் கரையை 46ஆம் வட அட்சரேகை வெட்டும் இடத்தில் தொடங்கி, நீர் குறைந்த காலத்துக் கரையோரமாகத் தெற்கே இறங்கி, நெப்ராஸ்காவின் வடக்கு எல்லையில் மேற்கே திரும்பி, 104ஆம் மேற்குத் தீர்க்கரேகை வழியே வடக்கே ஏறி, மீண்டும் 46ஆம் அட்சரேகை வழியாகத் தொடங்கிய இடத்தை அடைகிறது. இன்றைய தெற்கு டக்கோட்டாவில் மிசூரிக்கு மேற்கே உள்ள பகுதி ஏறத்தாழ முழுவதும் இதற்குள் அடங்கும். கோடு கிழக்குக் கரையில் ஓடுவதால், எழுத்தின்படி ஆறும் எல்லைக்கு உள்ளேயே விழுகிறது.

வடக்குச் சமவெளியில் எல்லை எழுதும் வேலை அதற்கு முன்பே, 1851இல், ஹார்ஸ் கிரீக் அருகே நடந்த பெருங்கூட்டத்தில் தொடங்கிவிட்டது. கலிஃபோர்னியாவுக்கும் ஓரிகனுக்கும் போகும் குடியேறிகளின் வண்டிகள் பிளாட் ஆற்றங்கரையில் தடையின்றிச் செல்ல வேண்டும் என்பது அரசின் தேவை. அதற்காக லகோட்டா, செயேன், குரோ, மாண்டான் முதலிய மக்கள் ஒவ்வொருவருக்கும் ஆறுகளையும் மலைகளையும் அடையாளமாகக் கொண்டு ஒரு பரப்பு குறிக்கப்பட்டது. காட்டெருமைக் கூட்டம் எல்லைக்கோடுகளை மதித்து மேயாது என்பது இரு தரப்பும் அறிந்ததே. ஆகவே பிறர் பரப்பில் வேட்டையாடவும் கடந்து செல்லவும் உள்ள உரிமையை எவரும் விட்டுக்கொடுக்கவில்லை என்றும் அதில் எழுதப்பட்டது. ஆண்டுக்கு 50,000 டாலர் மதிப்புள்ள பொருள்கள் 50 ஆண்டுகளுக்கு வழங்கப்படும் என்ற வாக்குறுதியைச் செனட் பின்னர் 10 ஆண்டுகளாகக் குறைத்தது. அடுத்து நிகழவிருந்தவற்றுக்கு இது நல்ல முன்னறிவிப்புதான்.

மொன்டானா தங்கவயல்களுக்குச் சென்ற போஸ்மன் பாதைக்கு எதிராக லகோட்டா தலைவர் ரெட் கிளவுட் நடத்திய போருக்குப் பின் வந்த 1868 உடன்படிக்கை, நிலத்தை மூன்று வகையாகப் பிரித்தது. நான்கெல்லைக்குள் இருந்தது அம்மக்களின் முழு உரிமைக்கான ஒதுக்கு நிலம். பைன் மரங்கள் நிறைந்த பிளாக் ஹில்ஸ் மலைகள் இதற்குள் இருந்தன. அதற்கு மேற்கே, பிக்ஹார்ன் மலைமுகடுகள் வரை, அம்மக்கள் அனுமதியின்றி வெள்ளையர் குடியேறக் கூடாத ‘கையளிக்கப்படாத நிலம்’ இருந்தது. மூன்றாவது, காட்டெருமை போதிய அளவில் இருக்கும் வரை மட்டுமே நீடிக்கும் வேட்டை உரிமை. கடைசி நிபந்தனையின் ஆபத்து தோல் வணிகம் மந்தைகளை அழித்தபோதே வெளிப்பட்டது.

ஆனால் உடன்படிக்கையில் மிகக் கனமான வரி பன்னிரண்டாம் பிரிவில் இருக்கிறது என்பேன். வயதுவந்த ஆண்களில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் கையெழுத்திடாமல் ஒதுக்கு நிலத்தின் எந்தப் பகுதியையும் விட்டுக்கொடுக்க முடியாது என்றது அது. 1874இல் அமெரிக்கப் படை அதிகாரி கஸ்டர் தலைமையில் சென்ற படை பிளாக் ஹில்ஸில் தங்கம் இருப்பதை அறிவித்தது. 1876 கோடையில் லிட்டில் பிக்ஹார்னில் லகோட்டாக்களிடமும் அவர்களின் கூட்டாளிகளிடமும் கஸ்டர் தோற்று மாண்டார். அதே ஆண்டு ஆகஸ்டில், மலைகளைக் கொடுக்கும் வரை உணவுப் பொருள் இல்லை என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிதிச் சட்டத்திலேயே எழுதியது. வேட்டை ஒடுங்கிப்போயிருந்த மக்களிடம் அந்த நிலையிலும் கிடைத்த கையெழுத்து பத்தில் ஒரு பங்கு அளவே. ஆயினும் 1877 பிப்ரவரியில் காங்கிரஸ் அதைச் சட்டமாக்கி, மேற்கு எல்லையை 103ஆம் தீர்க்கரேகைக்குத் தள்ளியது. பழங்குடிகளுடன் புதிய உடன்படிக்கை செய்யும் வழக்கத்தை 1871லேயே முடித்துக்கொண்டதால், இதற்கு வெறும் சட்டமே போதுமானதாக இருந்தது.

1889இல் மற்றொரு சட்டம் எஞ்சியதை ஆறு ஒதுக்கு நிலங்களாக வெட்டி, சுமார் 90 லட்சம் ஏக்கரை வெளியே எடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் இரு டக்கோட்டாக்களும் மாநிலங்களாயின. இதற்கிடையே, 1887இன் பங்கீட்டுச் சட்டம் எல்லைக்கு உள்ளேயும் புகுந்திருந்தது. பொது நிலம் தனித்தனிப் பங்குகளாகக் கொடுக்கப்பட்டது. மிஞ்சியது ‘உபரி’ எனக் குடியேறிகளுக்குத் திறக்கப்பட்டது. பங்கு பெற்றவர் உயில் எழுதாமல் இறந்தால் நிலம் பிரியாது, பிரிபடாத பாகமாக வாரிசுகளுக்குப் போகும். சில தலைமுறைகளில் ஒரே வயலுக்குப் பல நூறு உரிமையாளர்கள் சேர்ந்து, குத்தகைக்கு விடுவதற்கே ஒப்புதல் திரட்டுவது பெரும்பாடாகிறது.

1877 பறிப்பு குறித்து 1980இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, உரிய இழப்பீடின்றி நிலம் எடுக்கப்பட்டது என்று ஏற்று, வட்டியுடன் 10 கோடி டாலருக்கும் அதிகமான தொகைக்கு வழி செய்தது. நீதிமன்றம் தந்தது பணம், மலைகளை அல்ல. அப்பணத்தை வாங்க சூ மக்கள் மறுத்தனர்.

உபரி நிலத்தின் கதை வேறு. குடியேறிகளுக்கு விற்றதால் ஒதுக்கு நிலத்தின் எல்லையும் சுருங்கிவிட்டதா, அல்லது எல்லைக்குள் உரிமையாளர் மட்டும் மாறினாரா? அந்த ஆறு ஒதுக்கு நிலங்களில் ஒன்றான ரோஸ்பட் பற்றிய வழக்கில் 1977இல் எல்லை சுருங்கியது என்றது உச்ச நீதிமன்றம். மற்றொன்றான செயேன் ரிவர் பற்றிய வழக்கில் 1984இல் சுருங்கவில்லை என்றது. இரண்டுக்கும் ஆதாரம் பழைய சட்டங்களின் சொற்கள்: நிலத்தை முற்றாக ஒப்படைத்துவிட்டதாகவும் அதற்கு நிலையான தொகை பெற்றதாகவும் எழுதியிருந்தால் எல்லை சுருங்கியதாகவே பெரும்பாலும் கொள்ளப்படும், விற்றுத் தருவதாக மட்டும் சொல்லியிருந்தால் பழைய கோடு நிற்கும். அதனால்தான் இன்றும் அங்கே ஒரு பழங்குடியினர் மீது குற்ற வழக்கு வந்தால், விசாரிக்கும் அதிகாரம் மாநிலத்துக்கா, கூட்டரசுக்கும் பழங்குடி நீதிமன்றத்துக்குமா என்பதை, நூறாண்டுக்கு முந்தைய அந்த வாக்கியங்களைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.