எரிதம்: ஸ்பாம் என்னும் சொல்லின் பொருளும் வேரும் தமிழும்

கேட்காமல் வர வேண்டும், மொத்தமாகவும் அனுப்பப்பட்டிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு மின்மடல் ஸ்பாம். ஓர் இசை ரசிகர் மடலாடற்குழுவில் (ஒரு முகவரிக்குப் போடும் மடல் எல்லா உறுப்பினருக்கும் போகும் குழு) உறுப்பினர் ஒருவர் தன்னிடம் மிஞ்சிய கச்சேரி டிக்கெட்டை விற்க மடல் போட்டால் அது விளம்பரம். குழு விதிக்கு அது புறம்பாகலாம், ஆனால் ஸ்பாம் ஆகாது. ஆயிரக்கணக்கான முகவரிகளுக்குப் போன மாத்திரை விளம்பரம் அந்தக் குழுவிலும் வந்து விழுந்தால் அது ஸ்பாம். மாத்திரைக்குப் பதில் நல்ல காரியத்துக்கு நன்கொடை கேட்டிருந்தாலும் ஸ்பாம்தான். மடலில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்து இதை முடிவு செய்வதில்லை. பெறுபவர் இசைந்தாரா, எத்தனை பேருக்குப் போனது என்பவையே கணக்கு.

சொல் பிறந்த இடம் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம். ஹார்மல் நிறுவனம் 1937-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த டின் பன்றியிறைச்சியின் பெயர் அது. இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களின் தட்டிலும், பங்கீட்டுக் காலத்தில் பிரிட்டன் வீடுகளிலும் அது சலிக்கச் சலிக்க இடம்பெற்றது. 1970-இல் மான்ட்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவினர் பிபிசி தொலைக்காட்சியில் அதை காட்சியாக்கினர். உணவகம் ஒன்றில் ஏறக்குறைய எல்லாப் பண்டத்திலும் ஸ்பாம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருக்கும் வைக்கிங்குகள் 'ஸ்பாம், ஸ்பாம்' என்று பாடப் பாட, மற்றவர்கள் பேசுவது காதில் விழாமல் போகிறது. 1980-களில் எழுத்துவழி இணைய விளையாட்டுகளில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஒட்டி அரட்டையை மூழ்கடிப்பவர்களின் செயலுக்கு இந்தப் பெயர் வந்தது. ஸ்பாமை ஏதோ முதலெழுத்துச் சுருக்கமாகக் காட்டும் விரிவாக்கங்கள் எல்லாம் பின்னாளில் ஒட்டவைத்தவை.

செயல் சொல்லைவிட மூத்தது. 1978 மே மாதம் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் விற்பனையாளர் கேரி துர்க், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் சுமார் 400 பேருக்குக் கணினி விளம்பரம் அனுப்பினார். முகவரிப் பகுதி நிரம்பி, மீதி முகவரிகள் மடலின் உடலுக்குள் வழிந்தன. அன்று யாரும் அதை ஸ்பாம் என்று சொல்லவில்லை. செய்திக்குழுக்கள் எனப்படும் பொது விவாதப் பலகைகளின் வலையமைப்பான யூஸ்நெட்டில் 1993 மார்ச் 31 அன்று ஒரு நிரல் பிழையால் ஒரே செய்திக்குழுவில் சுமார் 200 செய்திகள் கொட்டியபோது இந்தப் பெயர் பேசப்பட்டது. 1994 ஏப்ரலில் அரிசோனா வழக்கறிஞர்களான கேன்டரும் சீகலும் கிரீன் கார்டு குலுக்கல் விளம்பரத்தை 5,000-க்கும் மேற்பட்ட செய்திக்குழுக்களில் தனித்தனியே போட்டார்கள். அதன்பின் சொல் ஊரறிந்ததாயிற்று.

இசை ரசிகர் குழுக்களை இது கடுமையாகத் தாக்கியதற்கு அமைப்பிலேயே காரணம் உண்டு. ஆங்கிலப் பாடகி கேட் புஷ்ஷின் ரசிகர்களுக்கான லவ்-ஹவுண்ட்ஸ் மடலாடற்குழு 1985-இல் தொடங்கியது. யூஸ்நெட்டின் ரெக்.மியூசிக்.கஃபா செய்திக்குழுவோடு அது இணைக்கப்பட்டிருந்தது. இப்படி இணைந்த குழுக்களில், யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய செய்திக்குழுவில் விழும் விளம்பரம் உறுப்பினரின் அஞ்சல்பெட்டிக்கே வந்துவிடும்.

தமிழில் என்ன சொல்வது? 'குப்பை அஞ்சல்' எளிதில் புரிகிறது, ஆனால் உள்ளடக்கம் மட்டம் என்ற எண்ணத்தைத் தருகிறது. 'மொத்த அஞ்சல்' என்றால் நாமே கேட்டுப் பெறும் செய்திமடலும் அதில் அடங்கிவிடும். 'வேண்டா அஞ்சல்' இசைவின்மையைச் சொல்கிறது, எண்ணிக்கையை விட்டுவிடுகிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் புழங்கும் 'எரிதம்' என்ற சொல்லையே நான் பரிந்துரைப்பேன். வேறு பொருள் சுமக்காத சொல் என்பதால் வரையறை முழுவதையும் அதற்கே கொடுக்கலாம். இன்னொரு வசதியும் உண்டு. ஹார்மல் நிறுவனம் இறைச்சிக்குப் பெரிய எழுத்து, அஞ்சலுக்குச் சிறிய எழுத்து என்று பிரித்துக் கேட்கிறது. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இல்லாத தமிழில், தனிச்சொல் இருந்தால்தான் அந்த வேறுபாடு நிற்கும்.

பொருளைக் 'குப்பை' என்று பிடித்துக்கொள்பவர் சொற்களை வைத்து வடிகட்டத் தொடங்குகிறார். இசை ரசிகர் குழுவில் அது உடனே பல்லிளிக்கும். 'டிக்கெட்', 'தள்ளுபடி', 'இலவசம்', 'சிடி விற்பனைக்கு' ஆகியவை அங்கே ரசிகர்களின் அன்றாடப் பேச்சு. அவற்றைத் தடுத்தால் நல்ல மடல்கள் மாட்டும், எரிதமோ எழுத்தை மாற்றிக்கொண்டு உள்ளே வரும்.

இசைவை வைத்துத் தடுப்பதுதான் சரி. மடலாடற்குழுவை நடத்தும் மெயில்மேன் போன்ற மென்பொருளில் உறுப்பினர் அல்லாதார் மடலைச் சத்தமின்றிக் கழித்துவிடும்படி அமையுங்கள், மறுப்பு மடலோடு திருப்பி அனுப்பாதீர்கள். அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலி என்பதால் மறுப்பு யாரோ ஒரு அப்பாவிக்குப் போகும், உங்கள் சேவையகமே எரிதம் அனுப்புவதாகத் தடைப்பட்டியலில் ஏறும். புதிதாகச் சேர்பவர் தன் முகவரியிலிருந்து உறுதிப்படுத்த வேண்டும். அவருடைய முதல் ஒன்றிரண்டு மடல்கள் குழுவைக் கண்காணிக்கும் மட்டுறுத்துநர் பார்த்தபின் போகட்டும், பிறகு கட்டை அவிழ்த்துவிடலாம். பழைய மடல்களின் சேமிப்பகத்தை உறுப்பினருக்கு மட்டும் திறந்து வையுங்கள். முகவரி பொறுக்கும் நிரல்கள் மேய்வது அங்கேதான், அங்கே கிடைத்த உறுப்பினர் முகவரியைப் போலியாகப் போட்டுத்தான் பூட்டிய குழுவுக்குள்ளும் நுழைகிறார்கள்.

அந்தப் போலியைத் தடுக்க வந்த டிமார்க் முறை (அனுப்புநர் முகவரி உண்மையா என்று பெறும் சேவையகம் சரிபார்க்கும் முறை) பழைய குழுக்களுக்கு வேறொரு தொல்லையைக் கொடுத்தது. 2014 ஏப்ரலில் யாஹூ தன் பெயரில் வரும் போலி மடல்களை மறுத்துவிடும்படி உலகுக்கு அறிவித்தது. மடலாடற்குழு ஒரு யாஹூ உறுப்பினரின் மடலைத் தலைப்பில் குழுப் பெயரும் அடியில் குறிப்பும் சேர்த்து அனுப்பினால், மடல் மாறவில்லை என்று காட்டும் மின்கையொப்பம் முறிகிறது. அனுப்பும் சேவையகமும் யாஹூவுடையது அல்ல, அதனால் உண்மையான மடலும் போலியாகத் தெரிகிறது. பெறும் சேவையகங்கள் மடலைத் திருப்ப, குழு மென்பொருள் அந்தத் திருப்பலைப் பெறுநர் கணக்கில் எழுதி, ஒரு குற்றமும் செய்யாதவரை நீக்கிவிடுகிறது. அனுப்புநர் இடத்தில் குழுவின் முகவரியை வைத்து, எழுதியவரின் முகவரியைப் பதிலுக்கான இடத்துக்கு நகர்த்தினால் இது தீரும். மெயில்மேன் 2.1.18 முதல் இதற்கென அமைப்பு இருக்கிறது.