ஆட்டுத்தோலில் தொடங்கும் தொழிற்சாலை

எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவுக்குத் தென்கிழக்கே துகெம் என்று ஓர் ஊர். 2011 ஆகஸ்டில் பிரதமர் மெலஸ் செனாவி சீனாவுக்குப் போய் ஹுவாஜியான் என்ற ஷூ நிறுவனத்தை அழைத்தார். 2012 ஜனவரியில் அவர்கள் துகெமில் ஷூ தைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

சீனாவில் கூலி ஏறியதுதான் காரணம். கைவேலை மிகுந்த தொழில்கள் கூலி குறைந்த இடத்தைத் தேடிப் போகும். ஜப்பானிலிருந்து தைவானுக்கும் கொரியாவுக்கும், பிறகு சீனாவுக்கும் அப்படித்தான் வந்தன. ஜப்பானியப் பொருளியலாளர் அகமட்சு 1930-களில் வைத்த பெயரால் இதைப் 'பறக்கும் வாத்துகள்' என்கிறார்கள்.

சரி, கூலி குறைவு என்றால் போதுமா? போதாது. எத்தியோப்பியாவுக்குக் கடற்கரையே கிடையாது. வெளியிலிருந்து வாங்கும் பசையும் கொக்கியும் அண்டை நாடான ஜிபூட்டியின் துறைமுகத்தில் இறங்கித்தான் வரவேண்டும். ஒரு கன்டெய்னர் தாமதமானால், தைத்த சரக்கைச் சொன்ன நாளில் சேர்க்க விமானத்தில் அனுப்பும் செலவிலேயே கூலியில் மிச்சம் பிடித்தது கரைந்துவிடும்.

நாடு முழுக்க மின்சாரத்தையும் சாலையையும் சீராக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். ஒரு வேலிக்குள் மட்டும் சீராக்குவது சீக்கிரம் முடியும். தொழிற்பூங்காவின் சூத்திரம் இதுதான்: மின்சாரம், தண்ணீர், சுங்க அலுவலகம் எல்லாம் ஒரே வளாகத்தில். தெற்கு எத்தியோப்பியாவின் ஹவாசா நகரில் சீன நிறுவனம் கட்டிய பூங்கா 2016-இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டு, பெரும்பகுதி சீனக் கடனில் கட்டிய சுமார் 750 கி.மீ. அடிஸ் அபாபா–ஜிபூட்டி மின்ரயில் பாதையும் திறக்கப்பட்டது.

ஆனால் தைப்பது மட்டும் அங்கே நடந்து, மற்றதெல்லாம் வெளியிலிருந்து வந்தால் நாட்டில் தங்குவது கூலி மட்டுமே. தோலாவது உள்ளூரில் கிடைக்க வேண்டும். ஆப்பிரிக்காவிலேயே மாடுகள் அதிகம் உள்ள நாடு எத்தியோப்பியா; ஆடுகளுக்கும் குறைவில்லை. அப்புறம் என்ன சிக்கல்? பேனும் உண்ணியும் கடித்த இடமெல்லாம் தழும்பு. உரிக்கும்போது கத்தி பட்ட கீறல் வேறு. பதனிட்டால் அந்தப் புள்ளிகள் பளிச்சென்று தெரியும். ஏற்றுமதி ஷூவுக்கு அந்தத் தோல் ஆகாது. கிராமத்து ஆட்டுக்கு மருந்து தெளிக்க ஆள் அனுப்புவதும் தொழில் கொள்கைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ரயில் பாதைக்குக் கிடைக்கிற கவனம் அதற்குக் கிடைப்பதில்லை.

சந்தை இந்தச் சங்கிலியில் இன்னொரு கண்ணி. ஹவாசாவில் தைத்த ஆடைகள் அமெரிக்காவுக்குள் வரியில்லாமல் போய்க்கொண்டிருந்தன. நாட்டின் வடக்கே திக்ராய் பகுதியில் நடந்த உள்நாட்டுப் போரைக் காரணம் காட்டி 2022 ஜனவரியில் அமெரிக்கா அந்தச் சலுகையை நிறுத்தியது. பூங்காவின் முதன்மை நிறுவனமான, பிவிஎச் என்ற அமெரிக்க ஆடை நிறுவனம் அதற்குமுன்பே, 2021 நவம்பரில், வெளியேறிவிட்டது. மாதம் 26 டாலர் அடிப்படைச் சம்பளத்தில், ஓர் அறையை நான்கு பேர் பகிர்ந்து வாழ்ந்த கிராமத்துப் பெண்கள் பலரின் வேலையும் அதோடு போனது.