கோடெக்: கோடாக்கும் இல்லை, கோடும் இல்லை

எங்கள் ஊர்ப்பக்கம், அதாவது பழைய வடாற்காட்டில், வெயில் காலம் வந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம், தீமிதி. பிரசங்கத்தை முழுசாகப் பதிவு செய்ய உட்கார்ந்தபோது மைக் செட்காரரிடம், "எந்தக் கோடெக்ல வைக்கலாம்னு பாக்கறேன் அண்ணே" என்றேன். "கோடாக்கா? அது போட்டோ ஃபிலிம் ஆச்சே தம்பி" என்றார். சிரித்துவிட்டேனே தவிர, அதை அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லத் தமிழில் ஒரு வார்த்தை என்னிடம் இல்லை.

கோடெக் என்பது ஒட்டுப்போட்ட சொல். கோடர், டீகோடர் இரண்டின் முன்பாதியையும் வெட்டிச் சேர்த்தது, மோடம் என்ற சொல் பிறந்த அதே வழியில். முதலாமவர் ஒலியை எண்களாக்கிச் சுருக்குகிறார், இரண்டாமவர் அந்த எண்களைத் திரும்ப ஒலியாக்குகிறார். இதில் 'கோட்' என்பது லத்தீனின் கோடெக்ஸிலிருந்து வந்தது. அதற்கும் முந்தைய பொருள் அடிமரம். மரப்பலகையில் மெழுகு தடவி எழுதிக் கட்டிவைத்தார்கள், அது புத்தகம் ஆனது, சட்டப் புத்தகம் ஆனது, ரொம்பப் பிற்பாடுதான் குறியீடு ஆனது. பழந்தமிழில் கோடு என்றால் மரக்கிளை (கோட்டுப்பூ நினைவிருக்கும்). உடனே எல்லாம் இங்கிருந்துதான் போனது என்று கிளம்பிவிடாதீர்கள், இது வெறும் தற்செயல்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'குறியாக்க நீக்கி' என்று சொல்லிப் பார்த்தேன், குறியாக்கத்தையே நீக்குகிற ஏதோ ஒன்று போலக் கேட்கிறது, பாதி வேலைதான் தெரிகிறது. 'அமுக்கி' என்றால் பஞ்சு மூட்டையை மிதிப்பது போல இருக்கிறது. எனக்குப் பிடித்தது 'ஒலிச்சுருக்கி'. ஏனென்றால் பாட்டியின் சுருக்குப் பையை இழுத்தால் மூடும், பிரித்தால் திறக்கும், ஒரே கயிறு இரண்டு வேலையும் செய்கிறது, கோடெக்கும் அதேதான். சுருக்கம் என்றதும் கதைச் சுருக்கம்தான் ஞாபகம் வருகிறது என்பார்கள். ஆனால் பள்ளிக்கூடக் கணக்கில் 'சுருக்குக' என்றால் மதிப்பு மாறாது, எழுதுவதுதான் குறையும். அதை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

ஆனால் எல்லாச் சுருக்கியும் அப்படி யோக்கியம் இல்லை. ஃப்ளாக் கணக்கு வாத்தியார் வகை, ஒன்றையும் விடாது, இழப்பில்லாச் சுருக்கி. எம்பி3, ஓபஸ், ஏஎம்ஆர் எல்லாம் புடைக்கிற முறம் மாதிரி, காதுக்குத் தெரியாது என்று தாங்கள் நினைப்பதைத் தள்ளிவிடும். நான் முதல் தடவை போனில் இருந்த ரெக்கார்டரை நம்பிப் பதிவு செய்தேன், அது ஏஎம்ஆரில் சேமித்திருக்கிறது. செல்போன் உரையாடலுக்கென்று செய்த சுருக்கி அது, ஒலியை நொடிக்கு 8000 தடவைதான் அளந்து மாதிரி எடுக்கும். ஒரு அலையைப் பிடிக்கக் குறைந்தது இரண்டு மாதிரியாவது வேண்டும், அதனால் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே எதுவும் தங்காது. ஸவின் உயிர் பெரும்பாலும் இருப்பதே அதற்கு மேலேதான், ஷவிலும் ஒரு பங்கு போய்விடும். பீஷ்மர் மழுங்கிப்போனார், ஹார்மோனியமோ தண்ணீருக்குள் வாசித்தது போல.

பேச்சுக்கென்றால் இப்போதைக்கு ஓபஸ்தான் என் தேர்வு. 2012இல் பொதுத் தரநிலையாக அறிவிக்கப்பட்டது. ஸ்கைப்பிலிருந்து வந்த சில்க் என்ற பேச்சுச் சுருக்கியையும், இசைக்கும் ஒத்துவரும் செல்ட் என்பதையும் ஒன்றாகக் கட்டியது. பிரசங்கியார் வசனத்திலிருந்து சட்டென்று பாட்டுக்குத் தாவும்போது அது வழிமாறிக்கொள்கிறது. வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்புகிற குரல் பதிவும் ஓபஸ்தான். நாளுக்கு 3 மணி நேரம் வீதம் 18 நாள் பிரசங்கத்தைச் சுருக்காமல் ஒற்றைத் தடத்தில் சிடி தரத்தில் வைத்தால் சுமார் 17 ஜிபி; ஓபஸில் 24 கேபிபிஎஸ் (நொடிக்கு 24 ஆயிரம் பிட்) வைத்தால் 600 எம்பிக்குள் அடங்கிவிடும். ஸ்டீரியோ எதற்கு, பேசுவது ஒருவர்தானே.

அப்புறம் ஒரு குழப்பம்: கோப்புப் பெயரின் வால் (புள்ளிக்குப் பின்னால் வருவது) எப்போதும் கோடெக்கின் பெயராக இருக்காது. ஓக் என்று முடிந்தால் அது டப்பா, உள்ளே ஓபஸ் இருக்கலாம், வோர்பிஸ் என்ற இன்னொரு சுருக்கி இருக்கலாம். தகர டப்பாவில் பிஸ்கட் படம் இருக்கும், திறந்தால் ஊசி நூல் இருக்கும் அல்லவா, அதுபோல.

முறத்தில் ஒருமுறை புடைத்ததை இன்னொரு முறத்தில் போடாதீர்கள். எம்பி3யை ஓபஸாக்கி, அதைத் திரும்ப எம்பி3 ஆக்குவது ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுக்கிற வேலை. அதனால் மூலத்தை ஃப்ளாக்கில் ஒரு ஹார்டு டிஸ்கில் வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்தே எடுக்கிறேன்.

இதையெல்லாம் மைக் செட்காரரிடம் சுருக்குப் பையை வைத்தே விளக்கினேன், பொறுமையாகக் கேட்டார். பிறகு பென் டிரைவை நீட்டி, "புரியுது தம்பி, ஆனா நம்ம ஆம்ப்ளிஃபயர்ல எம்பி3 மட்டும்தான் பாடும்" என்றார். 64 கேபிபிஎஸ், ஒற்றைத் தடம், மணிக்கு 29 எம்பி என்று ஏற்றிக் கொடுத்தேன்.