ராக்கெட்: வாணமா, ஏவூர்தியா, ஏவுகணையா?

தீபாவளிக்குச் சிவகாசியிலிருந்து வரும் குச்சி ராக்கெட்டுக்கும், ஸ்ரீஹரிகோட்டாவில் 640 டன் எடையோடு நிற்கும் இஸ்ரோவின் எல்விஎம்3-க்கும் பேச்சு வழக்கில் ஒரே பெயர்தான். அதில் தப்பே இல்லை. உள்ளே எரியும் பொருளின் வாயு பின்பக்கம் பீறிடுகிறது, உடல் முன்னே பாய்கிறது; இரண்டுக்கும் விதி ஒன்றுதான். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனையும் ராக்கெட் தானே சுமந்து போவதால் காற்றில்லாத வெளியிலும் அது வேலை செய்யும். ஜெட் விமானத்தால் அது முடியாது. இந்தச் சொல்லின் பொருளை ஒரே வரியில் கேட்டால் இதைத்தான் சொல்வேன். சிக்கல் தமிழில் எழுத உட்காரும்போது தொடங்குகிறது. ராக்கெட், வாணம், ஏவூர்தி, ஏவுகணை, விண்கலம் எல்லாம் ஒன்றுக்கொன்று பதிலாக வந்து விழுகின்றன.

முதலில் ராக்கெட் என்ற சொல். இத்தாலிய மொழியில் ‘ரொக்கா’ என்பது நூல் நூற்கும்போது பஞ்சைச் சுற்றி வைக்கும் கோல். அதன் குறுவடிவம் ‘ரொக்கெத்தா’. குச்சியின் தலையில் பருத்த குழாய் கட்டிய பட்டாசு அந்தக் கோலைப் போல இருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது, அங்கிருந்து நமக்கு. (சாலட்டில் போடும் ராக்கெட் கீரைக்கும் இதற்கும் உறவில்லை. அது ‘எரூக்கா’ என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது.) ஆக, இந்தப் பெயருக்குள் தீயும் இல்லை, வேகமும் இல்லை. வெறும் உருவ ஒற்றுமை.

சீனர்கள் வைத்த பெயர் இதைவிடப் பொருத்தம். ‘ஹுவோஜியான்’, அதாவது தீ அம்பு. முதலில் தீப்பந்தம் கட்டி வில்லில் எய்த அம்புக்கு அந்தப் பெயர் இருந்தது. பிறகு வெடிமருந்தின் உந்தலில் தானே பாயும் குழாய்க்கும் அதுவே பெயராயிற்று. இன்றைக்கு விண்வெளிக்குப் போகும் ராக்கெட்டையும் சீன மொழியில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

நம் ‘வாணம்’ அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. வடமொழியில் ‘பாண’ என்றால் அம்பு. அது தமிழில் வாணமாகி அம்பையும் குறித்தது, தீயையும் குறித்தது, கடைசியில் வானில் பாயும் பட்டாசுக்குப் பெயராகி நின்றது. வாணவேடிக்கை, எலிவாணம், புஸ்வாணம் எல்லாம் அந்தக் குடும்பம். வட இந்தியப் போர்க்களங்களில் ராக்கெட்டுக்கு ‘பான்’ என்று பெயர் வழங்கியதும் இதே வேரிலிருந்துதான். ராக்கெட்டுக்குத் தமிழில் சொல் இல்லையே என்று யாராவது கவலைப்பட்டால், அந்தப் பொருளும் சொல்லும் நம்மிடம் இருந்தன என்றுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பொருள் இருந்ததற்குக் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே சாட்சி உண்டு. 1780 செப்டம்பரில் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையை ஹைதர் அலி, திப்பு படைகள் சுற்றி வளைத்து நொறுக்கின. மைசூர் ராக்கெட் பட்டு ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன என்பது அந்தப் போரைப் பற்றி நெடுங்காலமாகச் சொல்லப்படும் செய்தி. மைசூர்க்காரர்களின் நுணுக்கம் குழாயில் இருந்தது. காகிதக் குழாயில் மருந்தை இறுக்கி அடைத்தால் அழுத்தம் ஏறும்போது குழாயே கிழிந்துவிடும். அவர்கள் இரும்புக் குழாய் செய்தார்கள். அதிக அழுத்தம் தாங்கியது, அதனால் அதிக தூரம் போனது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு அந்த ராக்கெட்டுகள் இங்கிலாந்தின் உல்விச் படைக்கலச் சாலைக்குப் போயின. அங்கே வில்லியம் காங்கிரீவ் என்ற ஆங்கிலேயர் அவற்றைத் தொடர்ந்து சோதித்துத் தன் ராக்கெட்டை உருவாக்கினார், 1807இல் கோபன்ஹேகனைப் பற்றி எரியவிட்ட குண்டுவீச்சில் அந்த ராக்கெட்டுகளும் பாய்ந்தன. 2018இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் ஒரு பழைய கிணற்றைத் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு ராக்கெட்டுகள் கிடைத்தன. அப்துல் கலாம் 1963இல் அமெரிக்காவின் வாலப்ஸ் ஏவுதளத்துக்குப் போனபோது, அங்கே மாட்டியிருந்த ஓவியத்தில் இருந்தது திப்புவின் ராக்கெட் படை.

அந்த மூங்கில் குச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏவுவதற்கு முன் சாய்த்து வைக்கத்தான் குச்சி என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிட முக்கியமான வேலை பறக்கும்போது நடக்கிறது. ராக்கெட் கொஞ்சம் கோணினால் பக்கவாட்டில் காற்று மோதும். அந்த மோதலின் மொத்த விசை எடைமையத்துக்குப் பின்னால் விழுந்தால் வால் தள்ளப்பட்டு மூக்கு மறுபடி நேராகும். முன்னால் விழுந்தால் ராக்கெட் குட்டிக்கரணம் போடும். நீளமான, எடை குறைந்த குச்சி அந்த இடத்தைப் பின்னுக்கு இழுக்கிறது. பிளாஸ்டிக் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, சைக்கிள் பம்பால் காற்றடித்து விடுகிறவர்கள் வாலில் அட்டைத் துடுப்பு ஒட்டுவதும் இதற்குத்தான். சந்தேகமாக இருந்தால் காலிப் பாட்டிலின் எடைமையத்தில் கயிறு கட்டித் தலைக்கு மேல் சுழற்றிப் பாருங்கள். மூக்கு முன்னே பார்த்தபடி சுற்றினால் மொட்டை மாடிக்குக் கொண்டுபோகலாம்.

இதில் பெரிய தலைகளும் சறுக்கியிருக்கின்றன. 1926 மார்ச் 16 அன்று அமெரிக்காவின் ஆபர்னில் ராபர்ட் கோடார்டு முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டை விட்டார். பெட்ரோலும் திரவ ஆக்சிஜனும் எரிபொருள் கலவை. சுமார் இரண்டரை நொடிப் பறப்பு. 12 மீட்டர் உயரம். எஞ்சினை உச்சியில் வைத்து டாங்கிகளைக் கீழே தொங்கவிட்டிருந்தார். மேலிருந்து இழுத்தால் ஊசல் போல நேராக நிற்கும் என்ற எண்ணம். ஆனால் எஞ்சினும் சேர்ந்தே சாய்வதால் ஊசல் விதி இங்கே செல்லாது. பிறகு அவரே எஞ்சினைக் கீழே கொண்டுபோனார்.

இனி ஏவூர்தி. கலைச்சொல் ஆக்கியவர்களைப் பாராட்ட வேண்டிய இடம் இது. ‘ஏ’ என்ற ஓரெழுத்துச் சொல்லுக்கே அம்பு என்று பொருள். ஏவுதல், அம்பைச் செலுத்துதல். ஊர்தி, ஏறிச் செல்வது. யானை ஊர்தல், குதிரை ஊர்தல் எல்லாம் பழைய வழக்கு. இன்றைக்கு ஊர்வதென்றால் மெல்ல நகர்வது என்று ஆகிவிட்டதால் சிலருக்குச் சிரிப்பு வரும். மனிதரை நிலவுக்குக் கொண்டுபோன சாட்டர்ன் 5 ராக்கெட்டை ஏவுமேடைக்குச் சுமந்து போன வண்டி மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர் வேகத்தில்தான் ஊர்ந்தது என்று சொல்லி அவர்களைச் சமாளிக்கலாம். எஸ்எல்வி, பிஎஸ்எல்வி என்ற பெயர்களின் கடைசி இரண்டு எழுத்துகள் குறிப்பதும் ஏவும் ஊர்தியைத்தான். அந்தப் பொருளில் ஏவூர்தி அச்சாகப் பொருந்துகிறது.

ஆனால் எல்லா ராக்கெட்டும் ஏவூர்தி இல்லை. 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் சந்திரயான்-3இன் விக்ரம் தரையிறங்கியபோது அதன் வேகத்தைக் குறைத்தவை ராக்கெட் எஞ்சின்கள். அவை எதையும் ஏவவில்லை, பிரேக் போட்டன. அவற்றை ‘ஏவூர்தி எஞ்சின்’ என்று எழுதினால் பொருள் கெடும். அந்த இடத்தில் உந்துபொறி என்று எழுதுவதே சரி. ஏவூர்தி மேலே கொண்டுபோகும் சுமைதான் விண்கலம். செய்தித் தலைப்புகளில் இரண்டையும் குழப்புவது சகஜம்.

ஏவுகணை வேறு கதை. கணையும் அம்புதான், ஆனால் இலக்கைத் தாக்கப் போகும் அம்பு. படைத்துறை வழக்கில் வழிநடத்தும் கருவி உள்ள ஆயுதம் ஏவுகணை. குறிவைத்து விட்டால் போன வழி போவது ராக்கெட். உடம்பைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. 1980இல் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்ட எஸ்எல்வி-3இன் முதல் கட்ட மோட்டார்தான் 1989இல் அக்னியின் முதல் சோதனையிலும் எரிந்தது. தலையில் செயற்கைக்கோள் இருந்தபோது ஏவூர்தி, அக்னியில் ஏவுகணை. ஆகவே செயற்கைக்கோள் கொண்டுபோவதை ‘ஏவுகணை’ என்று எழுதும்போது எனக்கு எரிச்சல் வரும்.

இன்னொரு கண்ணி, சவுண்டிங் ராக்கெட். 1963 நவம்பர் 21 அன்று கேரளத்தின் தும்பாவிலிருந்து போன நைக்கி அப்பாச்சி அந்த வகை. இங்கே ‘சவுண்டிங்’ என்பது ஒலி அல்ல. கப்பல்காரர்கள் கயிற்றில் ஈயக்குண்டு கட்டிக் கடலில் இறக்கி ஆழம் பார்ப்பார்களே, அந்தச் சொல். இந்த ராக்கெட் மேல் வளிமண்டலத்துக்குப் போய் அளந்துவிட்டு விழுந்துவிடும், சுற்றுப்பாதைக்குப் போகாது. ‘ஒலி ராக்கெட்’ என்று யாராவது எழுதினால் திருத்திவிடுங்கள். ஆய்வு ராக்கெட் என்றால் போதும்.

என் வழக்கம் இது: பேச்சிலும் பொதுவான எழுத்திலும் ராக்கெட், செயற்கைக்கோளைச் சுமந்தால் ஏவூர்தி, வழிநடத்தும் கருவியோடு தாக்கப் போனால் ஏவுகணை, எஞ்சினை மட்டும் குறித்தால் உந்துபொறி. வாணத்தைப் பட்டாசுக் கடைக்கு மட்டும் ஒதுக்கிவிட்டது எனக்கு உடன்பாடில்லை. பாட்டில் ராக்கெட்டை ‘நீர்வாணம்’ என்று எழுதிப் பார்க்கிறேன், குறையொன்றும் தெரியவில்லை. பிஎஸ்எல்வியை வாணம் என்று எழுதும் துணிச்சல் மட்டும் இன்னும் வரவில்லை. கவுண்ட்டவுனில் தடைபட்டு ஏவல் நின்றால், தலைப்பு ‘புஸ்வாணம்’ என்று வந்துவிடுமே என்று யோசித்துப் பார்த்தேன்.