ஏழு முறை அழுத்தியதில் ஐந்து: ஹிரோஷிமா நெகட்டிவ்கள் சொல்லும் பாடம்

1945 ஆகஸ்ட் 6 காலை 8:15-க்கு அணுகுண்டு வெடித்தபோது யோஷிதோ மட்சுஷிகேவுக்கு வயது 32. சூகோகு ஷிம்புன் நாளிதழின் புகைப்படக்காரர். வீடு, வெடிப்பு மையத்திலிருந்து 2.7 கி.மீ. தெற்கே இருந்தது. இடிபாட்டில் கிடந்த மாமியா சிக்ஸ் கேமராவை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பினார். தீ வழிமறித்தது. திரும்பி மியுகி பாலத்துக்கு வந்தார்.

மையத்திலிருந்து அந்தப் பாலம் சுமார் 2.3 கி.மீ. தோல் உரிந்த பள்ளிப் பிள்ளைகள் அங்கே தரையில் உட்கார்ந்திருக்க, தீக்காயத்துக்குச் சமையல் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்கள். 11 மணி தாண்டியிருந்தது. ஷட்டரை அழுத்த அவருக்குச் சுமார் 20 நிமிடம் பிடித்தது. பிறகு கொஞ்சம் நெருங்கிப் போய் இரண்டாவது படம். வியூபைண்டர் கண்ணீரில் மங்கலாகத் தெரிந்ததாகப் பின்னாளில் சொன்னார். நகர மையத்தில் எரிந்துபோன டிராமுக்குள் பிணங்களைப் பார்த்தும் அழுத்தவில்லை. மற்ற மூன்றும் ரத்தமில்லாத காட்சிகள்: சிதைந்த தன் வீட்டின் உட்புறம், ஜன்னல் வழியே தெரிந்த இடிந்த தீயணைப்பு நிலையம், பாதிக்கப்பட்டவர்களுக்குச் சான்றிதழ் எழுதும், தலையில் கட்டுப்போட்ட போலீஸ்காரர். கையில் 24 படத்துக்கான பிலிம் இருந்தது. அழுத்தியது ஏழு முறை, தேறியது ஐந்து. அதற்காக அவரைக் குறை சொல்பவர்கள் அந்த டிராம் படிக்கட்டில் நின்று யோசிக்க வேண்டும்.

பழைய நெகட்டிவ்களைப் பாதுகாக்கும் எங்கள் வேலை தொடங்குவது இதற்குப் பிறகுதான். இருட்டறை இல்லாததால் சுமார் 20 நாள் கழித்து, இரவில், திறந்த வெளியில் பிலிம் கழுவினார். அலசியது ஓடைத் தண்ணீரில். 1946 ஜூலை 6-இல் உள்ளூர் மாலைப் பத்திரிகை ஒன்றில் இவருடைய படம் வந்தது. அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் தணிக்கை முடிந்தபின், 1952 செப்டம்பர் 29 தேதியிட்ட லைஃப் இதழ் வழியாக உலகம் பார்த்தது. 1970-களுக்குள் நெகட்டிவ்கள் மோசமாகச் சிதைந்து, பெரிய அளவில் சீரமைக்க வேண்டியதாயிற்று.

இப்படி வசதியில்லாமல் கழுவிய பிலிமில் என்ன கெடும்? படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசலான டெவலப்பர் 20 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். ஆகஸ்ட் வெக்கையில் 28, 30 என்று ஏறினால், படத்தின் வெள்ளித் துகள்களைத் தாங்கும் ஜெலட்டின் படலம் ஊதிக் குழைந்து, ஓரத்தில் பிரியும்; ஓடை மணல் பட்டாலே கீறல் விழும். அதைவிடப் பெரிய எதிரி மிச்சமிருக்கும் ஹைப்போ, அதாவது படத்தை நிலைநிறுத்தப் பயன்படும் ரசாயனம். ஓடும் தண்ணீரில் 20 முதல் 30 நிமிடம் அலசாவிட்டால் அது படலத்திலேயே தங்கி, வருடக்கணக்கில் வெள்ளியைத் தின்று, மஞ்சளும் பழுப்புமாகக் கறை ஏற்றும். கழுவிய வாரத்தில் நெகட்டிவ் பளிச்சென்றுதான் இருக்கும். அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

உங்களிடம் பழைய கருப்பு வெள்ளை நெகட்டிவ் இருந்தால் முதலில் முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அசிடேட் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த அமிலம் பக்கத்துப் பிலிமையும் கெடுக்கும், உடனே தனியே வையுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டாம். அமிலமற்ற காகித உறையோ பாலியெஸ்டர் உறையோ போதும். ஈரப்பதம் 30–50 சதவீதத்துக்குள் இருக்கட்டும், 65-ஐத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை கண்ட நெகட்டிவை ஈரத் துணியால் துடைக்கவே கூடாது. பூஞ்சை ஏறிய ஜெலட்டின் தண்ணீரில் கரையக்கூடியது. துடைத்தால் முகமே துணியோடு வந்துவிடும். பிலிமை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள்.

ஸ்கேன் செய்யும்போது படத்தின் விளிம்போடு, பிரேம் எண் தெரியும்படி, 16 பிட் டிஃப் (TIFF) படக் கோப்பாக எடுங்கள். 6×6 செ.மீ. நெகட்டிவுக்கு 2400 பிபிஐக்கு (அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்) குறையாமல் வையுங்கள். கீறலைக் கணினியில் அழிப்பது, வண்ணம் ஏற்றுவது எல்லாம் தனிப் பிரதியில்தான். மியுகி பாலத்துப் படத்துக்கு வண்ணம் ஏற்றிய பிரதிகள் சுற்றுகின்றன. அந்த நிறங்கள் பின்னால் ஏற்றியவை, நெகட்டிவில் இருப்பவை அல்ல. ஸ்கேன் முடிந்ததென்று நெகட்டிவைத் தூக்கிப் போடாதீர்கள். அதே உறையில் திரும்பப் போடுங்கள். ஆனால் இடம், தேதி, நேரம், எடுத்தவர் பெயரை உறையின் மேல் பென்சிலால், நெகட்டிவை உள்ளே வைப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள். வைத்தபின் எழுதினால் அழுத்தம் ஜெலட்டினில் பதியும்.